கேக்குக்கு மட்டும் ஏன் தராசு? கண்ணளவுக்காரர்கள் வரவும்

மாவுக்கை (மதுரை)

சாம்பாருக்கு எவ்வளவு உப்பு என்று கேட்டால் "பார்த்துப் போடுங்க" என்று சொல்கிற அதே வாய், கேக் என்றதும் "மைதா 125 கிராம், ஒரு கிராம் கூடக் கூடாது" என்கிறது. என் வாயைத்தான் சொல்கிறேன். பேக்கிங் பிடித்துப்போன நாளிலிருந்து சமையலறையில் டிஜிட்டல் தராசு, மெஷரிங் ஸ்பூன், டைமர் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. மாமியார் ஊரிலிருந்து வந்தவர் மேடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன்மா, நகைக்கடை ஏதும் வைக்கப் போறியா?" என்றார்.

கேட்டது நியாயம்தான். அவர் சுட்ட அதிரசம் எண்ணெயில் பிரிந்து நான் பார்த்ததே இல்லை. வெல்லப்பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார், விரலால் கூட்டிப் பார்ப்பார், மெத்தென்று உருண்டு வந்தால் இறக்கிவிடுவார். இனிப்புச் செய்முறைகளில் 'சாஃப்ட் பால்' என்று போட்டு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் என்று எழுதியிருப்பார்களே, அந்தப் பதம்தான் இது. அதைக் கண்டுபிடிக்க நான் தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். அவர் விரலை வைத்திருக்கிறார்.

என் கட்சி இதுதான்: கேக்குக்கு மட்டும் கொம்பு முளைக்கவில்லை. நம் சமையலிலும் அளவு உண்டு. இட்லிக்கு நாலுக்கு ஒன்று, சாதத்துக்கு விரல் கணுவளவு தண்ணீர், அரிசிக்கு ஆழாக்கு. பழகப் பழக அது கைக்குள் போய்விட்டது, அதனால் அளவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். நன்றாகப் பழகினால் கேக்கையும் கண்ணளவில் போடலாம். மறுப்பவர்கள் வரலாம், ஆனால் வெறுங்கையோடு வரக்கூடாது, ஏதாவது செய்முறையோ விஷயமோ கொண்டுவர வேண்டும்.

டிகிரி காபி (கும்பகோணம்)

அக்கா, மறுப்பதில் முதல் ஆள் நான்.

சாம்பாரில் உப்பு குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். கூடினால் இன்னும் கொஞ்சம் பருப்பை வேகவைத்து ஊற்றலாம், விருந்தாளிக்குத் தெரியவே தெரியாது. கேக் ஓவனுக்குள் போனபிறகு என்ன செய்வீர்கள்? கதவைத் திறந்து சர்க்கரை தூவுவீர்களா? நடுவேக்காட்டில் கதவைத் திறந்தாலே நடுப்பகுதி அமுங்கிவிடும்.

இன்னொன்று. கப் அளவே ஏமாற்று வேலை. ஒரு கப் மைதாவை ஸ்பூனால் தளர்வாக அள்ளிப் போட்டால் 120-125 கிராம் நிற்கும். கப்பை டப்பாவுக்குள் விட்டு அமுக்கி எடுத்தால் 150ஐத் தொட்டுவிடும். செய்முறை ஒன்றுதான், ஆனால் ஒரு வீட்டில் கேக் மெத்தென்று வருகிறது, பக்கத்து வீட்டில் தொண்டையில் விக்குகிறது. பிறகு "அந்தம்மா ஏதோ ஒரு சாமானைச் சொல்லாமல் மறைச்சிட்டாங்க" என்று பேச்சு வேறு. யாரும் எதையும் மறைக்கவில்லை. மாவை அமுக்கினார்கள், அவ்வளவுதான்.

மாவுக்கை (மதுரை)

தம்பி, மைசூர்பாகை நடுவில் திருத்த முடியுமா? ஒற்றைக்கம்பிப் பதத்தில் கடலை மாவைப் போடாமல் அரை நிமிடம் வேடிக்கை பார்த்தால் தெரியும். கடலை மிட்டாய்க்குப் பாகை இறக்குகிறோமே, தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டினால் டங்கென்று உடைய வேண்டும். கொஞ்சம் முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும், பின்னால் இறக்கினால் கசக்கும். கோவில்பட்டியில் 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள் அந்த மிட்டாய்க்கு.

ஆகவே நம்மூர்ச் சமையல் ஒரு பக்கம், கேக் மறுபக்கம் என்று பிரிக்காதீர்கள். திருத்த முடிகிற சமையல், திருத்த முடியாத சமையல் என்று பிரியுங்கள். ரசம் முதல் வகை. அதிரசம், மைசூர்பாகு, கேக் மூன்றும் இரண்டாம் வகை. இரண்டாம் வகையில் நம் பாட்டிமார் தராசில்லாமல்தான் ஜெயித்தார்கள்.

தொழில்முறை சோம்பேறி (சென்னை)

நான் கண்ணளவுக் கட்சி. கொள்கை எல்லாம் கிடையாது, மெஷரிங் ஸ்பூனைக் கழுவ சோம்பல்.

ஆனால் கண்ணளவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்று என் அண்ணி நிரூபித்தார். முட்டையில்லாத கேக், வெளுத்துப்போய் இருக்குமே என்று ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டார். நல்ல யோசனைதான். சமையல் சோடாவையும் தாராளமாகவே போட்டிருந்தார். வெட்டினால் உள்ளே செங்கல் நிறம்! பிள்ளைகள் "ரெட் வெல்வெட்! ரெட் வெல்வெட்!" என்று குதித்தன. அண்ணி ஒரு வார்த்தை பேசவில்லை, பாராட்டை எல்லாம் வாங்கிக்கொண்டார்.

பிறகுதான் விசாரித்தேன். மஞ்சள் தூள் காரத்தன்மை உள்ள பொருளோடு சேர்ந்தால் சிவக்குமாம். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து சிவப்பாக்குகிறோமே, அதே சங்கதி கேக் டின்னுக்குள் நடந்திருக்கிறது.

வடைச்சட்டி (திருச்சி)

சோம்பேறி சகோவின் அண்ணிக்கு என் வணக்கம்.

அது கேக்கில் சோடா மிச்சம் கிடந்ததற்கு அடையாளம். சோடா வேலை செய்யப் புளிப்பு வேண்டும்: தயிர், எலுமிச்சை, மோர், ஏதாவது ஒன்று. புளிப்புக்கு மிஞ்சிப் போட்டால் மிச்சம் அப்படியே நின்று சோப்பு வாடை அடிக்கும், மேல்பகுதி சீக்கிரம் கறுக்கும். பேக்கிங் பவுடரில் சோடாவோடு புளிப்பு உப்பும் உலர்ந்த நிலையில் கலந்தே இருக்கிறது, ஈரம் பட்டால் வேலை தொடங்கும். வீட்டில் இரண்டு டப்பாவும் அடுத்தடுத்து இருந்து, லேபிள் கிழிந்திருந்தால் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுப் பாருங்கள். நுரை பொங்கினால் பவுடர், சும்மா கிடந்தால் சோடா.

இந்தப் பவுடர் வந்த கதையும் நம் வீட்டுக் கதை மாதிரிதான் இருக்கும். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்துக்கடைக்காரர். அவர் மனைவி எலிசபெத்துக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, ஈஸ்டும் ஒத்துக்கொள்ளாது. முட்டையில்லாமல் கஸ்டர்ட் வேண்டும் என்று 1837-இல் சோளமாவை வைத்துக் கஸ்டர்ட் பவுடர் செய்தார். ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி வேண்டும் என்று 1843-இல் பேக்கிங் பவுடர். இன்றைக்கு முட்டை தொடாத நம் மாமியார்களுக்காக எத்தனை லட்சம் கேக் உப்புகிறதோ, அத்தனைக்கும் அந்த அம்மாவின் ஒவ்வாமைதான் மூல காரணம்.

அந்த ஆள் மருந்துக்கடைக்காரர் என்பதைக் கவனிக்கவும். தராசு அங்கேயே உள்ளே வந்துவிட்டது.

அம்மம்மாவின் பேத்தி (ஸ்காபரோ)

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடா. எங்கட பக்கம் இந்தச் சண்டைக்கு எப்பவோ ஒரு முடிவு கண்டாச்சு.

அம்மம்மா பட்டர் கேக் அடிக்கிறதுக்கு எடைக்கல்லே தேட மாட்டா. தட்டுத்தராசில் ஒரு பக்கம் முட்டையை வைப்பா. மற்றப் பக்கம் அதே எடைக்குச் சீனி. பிறகு அதே எடைக்குப் பட்டர், அதே எடைக்குக் கோதுமை மா. முட்டை சின்னதோ பெரிசோ, கேக் பிழைக்காது. இப்ப ஆக்கள் எழுதி வைக்கிற அளவையும் பாருங்கோ: 500 கிராம் பட்டர், 500 கிராம் சீனி, 500 கிராம் மா, 10 முட்டை. கோதை (ஓட்டை) எடுத்தால் ஒரு முட்டை ஏறத்தாழ 50 கிராம். பத்து முட்டை, கணக்குச் சரியாக வந்து நிக்குது.

லவ் கேக்குக்கு மட்டும் நான் அளவுப் பேப்பரைப் பார்ப்பன். ரவை, கஜு, ரோஸ் வோட்டர், பூசணி தோசி (சீனிப்பாகில் போட்ட பூசணித் துண்டு), ஏலக்காய், கறுவா என்று அவ்வளவு சாமான் போகும். ஒன்று கூடினாலும் சோப் கடிச்ச மாதிரி இருக்கும். (ரோஸ் வோட்டரைத்தான் சொல்லுறன். சித்தி, நீங்கள் இதை வாசிச்சால் மன்னிக்கோணும்.)

மாவுக்கை (மதுரை)

பேத்தி, இதற்காகவே உங்களுக்கு ஒரு தட்டு அதிரசம் அனுப்ப வேண்டும். முட்டையையே எடைக்கல்லாக வைப்பது! நாட்டுக்கோழி முட்டை நாற்பது கிராம்தான் நிற்கும், 'மூன்று முட்டை' என்று எழுதிய செய்முறை அங்கேதான் காலை வாருகிறது. இந்த முறையில் அந்தத் தொல்லையே இல்லை.

எடை தெரியாமலே எடை சரியாக இருக்கிறது. இதைக் கண்ணளவு என்பதா, தராசு என்பதா? டிகிரி காபி பதில் சொல்லவும்.

டிகிரி காபி (கும்பகோணம்)

தட்டுத்தராசு என்று அவரே சொல்லிவிட்டார். தராசு, தராசுதான்.

குன்னூர்க் குளிர்

சமவெளிக்காரர்கள் எல்லோரும் பேசி முடித்தாயிற்றா? மலைக்கு வாருங்கள். உங்கள் கிராமும் உதவாது, கண்ணும் உதவாது.

இங்கே உயரம் சுமார் 1,850 மீட்டர். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு, அதனால் பேக்கிங் பவுடர் விடும் வாயு கூடுதலாக விரியும். கேக் ஜோராக எழும்பும், கண் நிறையப் பார்ப்போம், கூடு இறுகுவதற்குள் பொத்தென்று உட்காரும். கோயம்புத்தூரில் இருக்கிற என் தங்கை கிராம் கணக்கில் எழுதிக் கொடுத்த செய்முறையை அப்படியே செய்தால் இதுதான் கதி. பேக்கிங் பவுடரில் கால் பங்கைக் குறைப்பேன், பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டுவேன், சூட்டைப் பத்து டிகிரி ஏற்றுவேன். மழை நாளில் அதற்குமேல் இன்னொரு திருத்தம், அது வாயால் சொல்ல வராது.

எங்கள் ஊர்ப்பக்கத்து வர்க்கி மட்டும் எந்தப் பஞ்சாயத்துக்கும் வராது. விறகு அடுப்பில் வெந்து, தேநீரில் முங்கி, வாயில் கரையும். ஊட்டி வர்க்கிக்கும் 2023-இல் புவிசார் குறியீடு வந்தாயிற்று.

பரோட்டா சித்தப்பா (விருதுநகர்)

கேக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. ரொட்டிக்கும் பன்னுக்கும் கைதான் ராஜா.

பேக்கரிக் கணக்கு இருக்கிறது: மாவு நூறு பங்கு என்றால் தண்ணீர் 60 முதல் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மாவு மூட்டைக்கு மூட்டை மாறும். ஆட்டா மைதாவைவிடத் தண்ணீரைக் கூடுதலாகக் குடிக்கும். பிசையும்போது கையில் ஒட்டினால் ஒரு கை மாவு, வறண்டால் ஒரு தெளி தண்ணீர். பரோட்டா மாஸ்டர் யாராவது தராசு வைத்து நான் பார்த்ததில்லை. மாவை உருட்டி எண்ணெய் தடவி மூடிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். அது தானாக இளகும். இளகாத மாவை வீசினால் கிழியும், வேறு ரகசியம் இல்லை.

ஈஸ்டுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் என்று போட்டிருப்பார்கள். விரலை விட்டால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உடம்புச் சூடு 37 டிகிரி, உங்கள் விரல்தான் தெர்மாமீட்டர். 60 டிகிரிக்கு மேல் போனால் ஈஸ்ட் செத்துப்போகும், பிறகு மாவு பொங்கப் பிள்ளையாரை வேண்டினாலும் பொங்காது.

அப்புறம் நேரக் கணக்கை நம்பாதீர்கள். குளிர்நாட்டுச் செய்முறையில் "ஒரு மணி நேரம் ஊறட்டும்" என்று இருக்கும். சித்திரை மாதம் விருதுநகரில் அரை மணியில் மாவு பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நம்மைத் தேடும். இரண்டு மடங்கானதா என்று மட்டும் பாருங்கள்.

வடைச்சட்டி (திருச்சி)

ஆக ரொட்டி முதல் வகை, திருத்தக்கூடிய சமையல். மாவுக்கை அக்காவின் பிரிவினை வேலை செய்கிறது.

ஆனால் ஓவனைப் பற்றி யாரும் பேசவில்லையே. எல்லோரும் கிராமைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், நிஜமான பொய்யன் ஓடிஜி என்கிற மின்சார ஓவனின் சூட்டுத் திருகுதான். 180 என்று வைப்போம், உள்ளே 160 இருக்கும், 210-ம் இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: சர்க்கரை 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வைத்து, 180-இல் நன்றாகச் சூடான ஓவனுக்குள் கால் மணி நேரம் விடுங்கள். உருகக்கூடாது. உருகினால் உங்கள் ஓவன் அதிகச் சூடு. பிறகு 190-இல் வைத்து அதே போல் விடுங்கள். இப்போது உருக வேண்டும். உருகாவிட்டால் அது குறைச்சல்.

தொழில்முறை சோம்பேறி (சென்னை)

சோதனை முடிந்ததும் அந்தச் சர்க்கரையை என்ன செய்வது? கேட்பது நாக்கு.

வடைச்சட்டி (திருச்சி)

உருகி இருந்தால் ஆறவிட்டு மிட்டாயாகத் தின்னவும். உருகாவிட்டால் காபியில் போடவும்.

முத்துநகர் (தூத்துக்குடி)

இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்தேன். மக்ரூன் இல்லாமல் ஒரு பேக்கிங் விவாதமா?

முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி. மூன்றே சாமான். மைதா கிடையாது, சோடா கிடையாது, ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. வெள்ளைக்கருவை அடித்து நுரை நிமிர்ந்து நிற்க வேண்டும், அதில் ஒரு சொட்டு மஞ்சள்கரு விழுந்தாலே சரியாக எழும்பாது. முந்திரித் தூளைச் சேர்த்து, கூம்பு மாதிரிப் பிழிந்து, மெல்லிய சூட்டில் நிதானமாகக் காய வைப்பது. ஆமாம், வேகவைப்பதைவிடக் காயவைப்பது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பேக்கரிகளில் கை வைத்தே பதம் சொல்லுவார்கள். வீட்டில் நான் கிராம் பார்த்துத்தான் செய்கிறேன். ஆனாலும் ஐப்பசி மழையில் செய்தால் காற்றில் இருக்கிற ஈரத்தைச் சர்க்கரை இழுத்துக்கொண்டு மாலைக்குள் சவசவத்துப் போகும். வானிலையை எந்தத் தராசில் நிறுப்பது? ஆகவே என் ஓட்டு இரண்டு கட்சிக்கும் கிடையாது, வெயிலுக்கு.

கடல் தாண்டாதவன் (நாகர்கோவில்)

கண்ணளவுக் கட்சிக்கு ஒரு சாட்சி கொண்டுவந்திருக்கிறேன். தலச்சேரி, 1883. மம்பள்ளி பாபு என்பவர் அங்கே பிஸ்கட் தொழில் செய்துவந்தார். பிரவுன் என்ற வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி இங்கிலாந்திலிருந்து வந்த கிறிஸ்துமஸ் கேக்கைக் கொடுத்து, இது மாதிரி ஒன்று செய்து தர முடியுமா என்று கேட்டார். பாபு சுவைத்துப் பார்த்தார், வாய்வழியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிராந்திக்குப் பதிலாக உள்ளூர்ச் சாராயத்தை விட்டுச் செய்து கொடுத்தார். தின்றவர் அசந்துபோனார் என்றுதான் தலச்சேரியில் கதை சொல்கிறார்கள். இந்தியாவில் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று அதைத்தான் சொல்வார்கள்.

நாக்கை வைத்துச் செய்முறையைப் பிடித்த மனிதர் அவர். எங்கள் பக்கம் டிசம்பரில் வீட்டுக்கு வீடு பிளம் கேக் போகும், அவரை நினைக்காமல் நான் தின்பதில்லை. அதில் கிடக்கிற சிவப்பு, பச்சை டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்று தெரிந்த பிறகும் எனக்கு மரியாதை குறையவில்லை.

டிகிரி காபி (கும்பகோணம்)

அவர் தொழில்காரர் ஐயா. மாவிலேயே கிடந்த கை. நாம் மாதம் ஒரு கேக் போட்டுவிட்டு அவரோடு போட்டி போடக்கூடாது.

முதல் கேக் (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகனுக்குப் பிறந்தநாள். நானே கேக் செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஓவன் இல்லை, தராசு இல்லை, முட்டை வீட்டுக்குள் வராது. நீங்கள் பேசியதை முழுக்கப் படித்தேன், இப்போது முன்பைவிட பயமாக இருக்கிறது.

மாவுக்கை (மதுரை)

பயப்படாதே மா. ஒரு டம்ளர் இருக்கிறதல்லவா? அது போதும்.

ஒன்றரை டம்ளர் மைதா, முக்கால் டம்ளர் பொடித்த சர்க்கரை, ஒரு டம்ளர் கெட்டித்தயிர், அரை டம்ளர் வாசனையில்லாத எண்ணெய். மைதாவை மட்டும் தனியாகச் சலித்து எடுத்து வை. தயிரையும் சர்க்கரையையும் கரைய அடித்து, அதில் பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன் போட்டு ஐந்து நிமிடம் விடு, பொங்கி வரும். எண்ணெய், கொஞ்சம் வெனிலா, கடைசியாக மைதா. மைதா போட்டபிறகு அதிகம் அடிக்காதே, கேக் ரப்பராகிவிடும்.

ஓவனுக்குப் பதில் அடிகனமான பழைய குண்டான். அடியில் உப்போ மணலோ பரப்பி, மேலே ஒரு பிரிமனை (பாத்திரம் உட்காரும் இரும்பு வளையம்) வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கு. கேக் பாத்திரத்தை இறக்கி, சிறு தீயில் நாற்பது நிமிடம். குச்சி விட்டால் ஒட்டாமல் வர வேண்டும். நல்ல குக்கரைத் தண்ணீரில்லாமல் காய்ச்சி வீணாக்காதே. அந்தக் காலத்தில் மூடிக்கு மேலேயும் தணலை அள்ளிப் போடுவார்கள், கேஸ் அடுப்பில் அதற்கு வழியில்லை. மேல்பக்கம் வெளுத்துத்தான் இருக்கும், கிரீம் போட்டு மூடிவிடு.

டிகிரி காபி (கும்பகோணம்)

ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். அக்கா சொன்னது 240 மில்லி கப்புக்கான கணக்கு. காபி டம்ளர் 150 மில்லிதான் பிடிக்கும். மாவு, தயிர், சர்க்கரை எல்லாம் டம்ளரோடு சேர்ந்து தானாகக் குறைந்துவிடும். ஸ்பூன் குறையாதே! சோடா அரை ஸ்பூன் அப்படியே போனால் சேலத்திலும் சோப்பு வாடை. காபி டம்ளர் என்றால் பேக்கிங் பவுடர் முக்கால், சோடா கால் ஸ்பூன்.

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மாவுக்கை (மதுரை)

சரி, சோடா டப்பாவுக்கு மட்டும் ஸ்பூன். மற்றதெல்லாம் கண்ணு. இதற்கு மேல் இறங்கிவர மாட்டேன்.

முதல் கேக் (சேலம்)

எங்கள் வீட்டில் இருப்பது எவர்சில்வர் டம்ளர். பாலுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. எதை எடுக்க?

பரோட்டா சித்தப்பா (விருதுநகர்)

எதையும் எடு தாயி. எடுத்ததைக் கடைசி வரைக்கும் மாற்றாதே. தயிரை அளந்துவிட்டு அப்படியே ஈர டம்ளரை மாவுக்குள் விடாதே, மாவை முதலில் அள. எறும்பு வராமல் கேக்குக்கடியில் தண்ணீர்த் தட்டு வை. எங்கள் வீட்டில் அதற்குத்தான் ஆள் போட வேண்டியிருக்கிறது.